சனிக்கிழமைக் கடை

அத்தியாயம் 9

பெட்டி இன்னும் கூடத்தின் நடுவிலேயே கிடந்தது. ஒரு ஆள் உள்ளே குந்தி உட்காரலாம், அவ்வளவு பெரிய அட்டைப்பெட்டி. எவ்வளவு போட்டாலும் பசி அடங்காத மாதிரி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

போன வாரம் அந்த வீட்டில் நடந்த ரகளைக்கும் இந்தப் பெட்டிதான் காரணம். பதினாறு வயசு டானிகா அதிலிருந்து ஒரே ஒரு சாக்லேட்டை எடுத்துத் தின்றுவிட்டாள். "அது பெரியம்மா பொண்ணு ஜெஸ்ஸாவுக்குடி. பேர் எழுதி ஒட்டியிருக்கேனே, கண்ணு தெரியல?" என்று மரிசேல் கத்தினாள். "இந்த வீட்டுல எனக்குன்னு எதுல பேர் ஒட்டியிருக்கு?" என்று மகள் திருப்பிக் கேட்டாள். அன்றைக்கு நின்ற பேச்சு. அப்பா ரொமுலோதான் இரண்டு பக்கமும் தபால்காரன்.

இன்று சனிக்கிழமை. செப்டம்பர் கடைசி. மூன்று மணிக்கு ரெஜினா நகரத்திலிருந்து சரக்கு வேன் தேவாலயத்து வாசலுக்கு வந்துவிடும். இந்த வேனை விட்டால் கிறிஸ்துமஸுக்குப் பெட்டி ஊர் போய்ச் சேராது. கப்பல் போய்ச் சேரப் பத்து வாரம்.

ஊர் என்றால் பொத்தோத்தான். பிலிப்பைன்ஸில், இலோய்லோ பக்கம். அங்கே சந்தைக்குப் போகிற வழியில் நெனிடா அக்காவின் கடை. மரிசேலின் அம்மா வைத்த கடை, அம்மா இறந்தபின் அக்கா கைக்கு வந்தது.

காலை ஆறரைக்கு மரிசேல் சமையல் மேடையில் போனை ஒரு டம்ளரில் சாய்த்து வைத்தாள். அங்கே இரவு எட்டரை. எட்டு வருஷமாக இந்த நேரம் மாறியதே இல்லை. கனடாவில், சஸ்காட்சுவானின் இந்தச் சின்ன ஊரில், முதியோர் இல்லத்து அடுக்களையில் வாரத்துக்கு ஐந்து நாள் கிழங்கு மசித்துவிட்டு, ஆறாவது நாள் காலையில் அவள் கடைக்குப் போவாள். போன் வழியாகத்தான். ஆனால் போவாள்.

இந்த ஊரிலும் கடை இருக்கிறது. ஒன்றே ஒன்று, விமானம் நிறுத்துகிற கொட்டகை மாதிரி. அங்கே பூண்டு வேண்டுமென்றால் மூன்று பூண்டு வலைக்குள் கட்டிக் கிடக்கும், ஒன்று கிடைக்காது. முட்டை பன்னிரண்டு. மீனுக்குத் தலை கிடையாது. தலை இல்லாத மீனிடம் எதைப் பார்த்து நல்லதா கெட்டதா என்று முடிவு பண்ணுவது? கல்லாவில் ஆள்கூட இல்லை. ஒரு இயந்திரம் பேசும், பையில் வை என்று அதட்டும்.

வந்த புதிதில் ஒரு நாள் மரிசேல் கறி வெட்டுகிற இடத்தில் ஆள் இல்லாததைப் பார்த்து, பையிலிருந்து ஒரு காசை எடுத்துக் கண்ணாடியில் டொக் டொக்கென்று தட்டி, "வாங்க வந்திருக்கேன்!" என்று குரல் கொடுத்தாள். ஊரில் எந்தக் கடை வாசலிலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். உள்ளேயிருந்து வந்தவன் முகம் சிவந்துபோய், என்னை என்ன நாயென்று நினைத்தாயா என்று கேட்டான். அவளுக்கு அப்போது முக்கால்வாசி புரியவில்லை. முகம் மட்டும் நன்றாகப் புரிந்தது.

அதற்கப்புறம் அந்தக் கடையில் அவள் வாயே திறந்ததில்லை.

அக்கா கடையில் எல்லாம் ஒன்றொன்றாகக் கிடைக்கும். ஒரு முட்டை, ஒரு பூண்டு, ஒரு சிகரெட். மூடி இல்லாத பாட்டிலை நீட்டினால் பீப்பாயிலிருந்து அரைப் பாட்டில் தென்னங்கள்ளு வினிகர். "உங்க வீட்டுக்காரருக்கு இருமல் நின்னுச்சா?" என்ற கேள்வி இலவசம். கம்பி வலை வைத்த ஜன்னல், உத்தரத்தில் தொங்குகிற பூண்டுச் சரம், ஆணியில் மாட்டின கருவாடு. மரிசேலுக்கு அந்தக் கருவாட்டு நாற்றம் போனிலேயே வரும். சத்தியமாக வரும்.

மணி அடித்தது. எடுத்தது அக்கா இல்லை. அக்கா வீட்டுக்காரர் பெர்ட்டிங். பாதி நெற்றியும் ஒரு காதும் மட்டும் தெரிந்தன.

"கொழுந்தியா! இன்னிக்கு என் மூஞ்சியத்தான் பாக்கணும், பொறுத்துக்கோ. உங்க அக்கா ஐஸ் வாங்கப் போயிருக்கா."

"உங்க காதுதான் தெரியுது அத்தான். கடையைச் சுத்திக் காட்டுங்க, அது போதும்."

"கடையில என்ன இருக்கு பாக்க? சரி, இந்தா."

போன் ஆடியது. தரை தெரிந்தது, ஒரு செருப்பு தெரிந்தது, அப்புறம் விளக்கு. அக்கா காட்டினால் ஜன்னலில் ஆரம்பித்து, பூண்டுச் சரம், கருவாடு, மிட்டாய் ஜாடிகள், வினிகர் பீப்பாய் என்று வரிசையாகப் போய்ப் பிள்ளையோ பூனையோ வந்து முகம் காட்டி முடியும். பெர்ட்டிங்குக்கு அந்த வரிசை எல்லாம் தெரியாது. அவர் எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டார். கதவுக்குப் பின்பக்கம். எட்டு வருஷத்தில் மரிசேல் ஒரு தடவைகூடப் பார்க்காத சுவர்.

அந்தச் சுவர் முழுக்க அலமாரித் தட்டுகள்.

"நில்லுங்க அத்தான். அப்படியே நில்லுங்க."

காப்பி ஜாடிகள். டின் கறி. சாக்லேட் பைகள். பற்பசை, துண்டு, உடம்புக்குத் தேய்க்கிற களிம்பு. எல்லாம் அவளுக்குத் தெரிந்த சாமான்கள், அவள் கையால் மடக்கி, சுருட்டி, பெட்டியின் இண்டு இடுக்கில் செருகினவை.

"இன்னும் கிட்டப் போங்க."

முன்வரிசைக் காப்பி ஜாடியில் காகித டேப் அப்படியே இருந்தது. நீலப் பேனாவில் அவள் கையெழுத்து: *பெட்ரோ மாமாவுக்கு மட்டும்.* அதற்குக் கீழே சிவப்பு மையில் விலை.

பக்கத்தில் மூட்டுவலி மாத்திரை. *சியோனி சித்திக்கு. சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு.* கீழே விலை.

பெர்ட்டிங் பாட்டுக்கு உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"காப்பி சூப்பராப் போகுது கொழுந்தியா. வந்த மூணாம் நாள் பாதி காலி. அடுத்த பெட்டியில காப்பியை ஏத்திப் போடு. சாக்லேட்டும் ஓடுது. அந்தக் கம்பளிச் சட்டை மட்டும் வேணாம், இங்க எவன் அதைப் போடுவான்? ரெண்டு வருஷமா நிக்குது. பாத்திரம் கழுவுற சோப்பும் நிக்குது. அதை நிறுத்திடு."

"யாரு... யாரு வாங்குறாங்க?"

"யாரு வாங்கல? வாத்தியார் வீடு, கிளார்க் வீடு, எல்லாரும் கனடா பெட்டி எப்ப வரும்னு கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க. உங்க அக்கா சொல்லலியா?"

மரிசேலின் கண் அந்த டேப்பிலேயே நின்றது. பெர்ட்டிங்குக்கு அப்போதுதான் உறைத்தது. போன் கீழே இறங்கி, அவர் வயிறு மட்டும் தெரிந்தது.

"நெனிடா! நெனிடா, சீக்கிரம் வா. உன் தங்கச்சி."

ஐஸ் பையோடு அக்கா உள்ளே வந்தாள். போனை வாங்கினாள். மூச்சு வாங்கியது. கேமரா எங்கே திரும்பியிருந்தது என்பதை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டாள். முகம் மாறவில்லை.

"பாத்துட்டியா?"

"நான் பேர் எழுதி அனுப்புனேன் அக்கா. ஒவ்வொண்ணுத்துலயும் பேர் எழுதி அனுப்புனேன்."

"ஆமா. அந்த டேப்பை உரிக்க எனக்கு நகம் போகுது."

"சியோனி சித்திக்கு மூட்டு வலின்னு நீதானே சொன்ன? நான் இங்க வேலை முடிஞ்சு மூணு மருந்துக்கடை ஏறி இறங்கி..."

"சியோனி சித்தி அதை விழுங்க மாட்டேன்னுட்டா. குதிரை மாத்திரை மாதிரி இருக்குதாம். வித்து அரிசியாக் குடுன்னு அவளே கேட்டா, குடுத்தேன். பெட்ரோ மாமாவும் அப்படித்தான். காப்பி குடிச்சா அவருக்குப் படபடன்னு வருதாம். நீ என்னைக்காச்சும் அவங்களுக்குப் போன் போட்டுக் கேட்டியா?"

"உன்கிட்ட ஒவ்வொரு வாரமும் கேக்குறேனே!"

"என்ன கேட்ட? சொல்லு. என்ன கேப்ப?" அக்காவின் குரல் இப்போதுதான் ஏறியது. "'அக்கா, கடையைச் சுத்திக் காட்டு.' அதானே? யாருக்கு உடம்பு எப்படின்னு கேட்டியா? எனக்குப் போன வருஷம் கர்ப்பப்பை எடுத்தாங்க. நாலாம் நாள் எழுந்து வந்து உனக்குப் பூண்டுச் சரம் காட்டினேன்."

மரிசேலுக்கு அந்த ஆபரேஷன் தெரியாது என்பதில்லை. தெரியும். அந்த வாரமும் கடையைக் காட்டச் சொன்னதுதான் மறந்துபோயிருந்தது.

"கடைச் சாமானை வித்துப் பொழைக்க வேண்டியதுதானே அக்கா? என் சாமானை எதுக்கு..."

"எந்தக் கடைச் சாமான்?"

அக்கா விறுவிறுவென்று நடந்தாள். போன் குலுங்கியது. வினிகர் பீப்பாய் முன்னால் நின்று, கை முட்டியால் அதைத் தட்டினாள். டும்மென்று காலிப் பீப்பாய்ச் சத்தம்.

"மூணு வருஷமா இதுல ஒரு சொட்டு வினிகர் கிடையாது. நெடுஞ்சாலைல ஏ.சி. போட்ட பெரிய கடை வந்துடுச்சு. வினிகர் அங்க பாக்கெட்டுல கிடைக்குது. எவன் என்கிட்ட பாட்டிலைத் தூக்கிட்டு வருவான்?"

"ஆனா நீ போன வாரம்கூட..."

"நீ பாக்கணும்னு வெச்சிருக்கேன்டி. இந்தப் பூண்டும் அப்படித்தான். இந்தக் கருவாட்டை வெள்ளிக்கிழமை ராத்திரி மாட்டி ஞாயித்துக்கிழமை எடுத்து வெக்கிறேன், பூனை தின்னாம. 'கருவாட்டு வாசம் வருது அக்கா'ன்னு நீ கண்ண மூடுவ பாரு, அதுக்கு."

யாரோ கடை வாசலில் காசால் தட்டி, "வாங்க வந்திருக்கேன்! கனடா சாக்லேட் இருக்கா?" என்று குரல் கொடுத்தார்கள்.

"வரேன்!" என்று அக்கா அந்தப் பக்கம் கத்திவிட்டு, மறுபடி இந்தப் பக்கம் திரும்பினாள். "கடையை மூடிடவான்னு நான் உன்கிட்ட கேட்டேன், நாலு வருஷத்துக்கு முன்னாடி. ஞாபகம் இருக்கா? ஒரு மணி நேரம் அழுத. அம்மா கடை, மூடாத, மூடாதன்னு. சரின்னு மூடல. மூடாத கடையில ஏதாச்சும் விக்கணும் இல்ல? உன் பெட்டியாலதான் இந்த விளக்கு எரியுது. பெட்டி இன்னிக்கு ஏத்துறியா, இல்லியா? அதை மட்டும் சொல்லு. ஏத்தலன்னா நான் டிசம்பர்ல மூடிடுறேன். எனக்கும் காலு வலிக்குது."

மரிசேல் போனைக் கவிழ்த்துவிட்டாள்.

*

ஏழரைக்கு ரொமுலோ இரவு வேலை முடிந்து வந்தான். தீவன ஆலையில் வேலை. தலைமுடியெல்லாம் பார்லித் தூசி. கதவைத் திறந்ததும் மனைவி பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான்.

"இன்னும் மூடலியா? உள்ள இடமிருந்தா என்னையும் போட்டு ஒட்டிடு, பத்து வாரம் தூங்கிக்கிட்டே போறேன்."

அவள் சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னாள். கோர்வையாகச் சொல்லவில்லை. டேப்பைச் சொன்னாள், அப்புறம் பீப்பாயைச் சொன்னாள், அப்புறம் மறுபடி டேப்.

ரொமுலோ பூட்ஸைக் கழற்றிவிட்டு அமைதியாகக் கேட்டான். கேட்டு முடித்ததும் நேராகப் பெட்டிக்குப் போனான். உள்ளே கையை விட்டு ஒரு காப்பி ஜாடியை எடுத்தான். *பெட்ரோ மாமாவுக்கு மட்டும்.* டேப்பைப் படித்துவிட்டு மூடியைத் திருகினான்.

"என்ன பண்ற?"

"காப்பி போடறேன்."

"அது..."

"எட்டு வருஷமா இந்த வீட்டுல நல்ல காப்பி பெட்டிக்குத்தான். நமக்கு அந்த மஞ்சள் டப்பா, மண்ணு மாதிரி. நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கேனா? இன்னிக்கு எனக்கு நல்ல காப்பி வேணும், மரி."

கெட்டில் கொதித்தது. அவன் மூன்று கோப்பை எடுத்து வைத்தான். மூன்றாவதைப் பார்த்து மாடிப்படிப் பக்கம் குரல் கொடுத்தான். "டானி! கீழ வா!"

டானிகா தூக்கக் கலக்கத்தோடு, சட்டையின் தொப்பியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். அம்மாவைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தாள்.

"என்னப்பா?"

"காப்பி. பெட்டிக் காப்பி."

"அய்யோ. யாரு செத்தா?"

"உட்காரு."

மூன்று பேரும் குடித்தார்கள். ரொமுலோ ஒரு வாய், இரண்டு வாய், நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தான்.

"இவ்வளவுதானா?" என்றான். "நான் என்னமோன்னு நெனச்சேன்."

மரிசேலுக்கு அந்த இடத்தில்தான் அழுகை வந்தது. சத்தம் போடாமல் கோப்பையையே பார்த்துக்கொண்டு அழுதாள். டானிகா நெளிந்தாள். அப்பாவைப் பார்த்தாள். அப்பா உதட்டைப் பிதுக்கினான்.

"கடையில என் சாமானை விக்கிறாங்க," என்றாள் மரிசேல். ஒரு வாரத்துக்கு அப்புறம் மகளிடம் அவள் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். "உங்க பெரியம்மா கடையில."

டானிகா கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள். ஆச்சரியப்படவே இல்லை.

ரொமுலோதான் முதலில் கவனித்தான். "டானி?"

"எனக்குத் தெரியும்," என்றாள் அவள்.

"என்னது?"

"கடைக்கு ஒரு பக்கம் இருக்கும்மா, நெட்டுல. ஜெஸ்ஸாதான் நடத்துறா. 'கனடா பெட்டி வந்தாச்சு, முந்துங்க'ன்னு போட்டோ எல்லாம் போடுவா. நான் போட்டுப் போட்டுச் சின்னதாப்போன என் சிவப்புக் கோட்டுகூட அதுல இருந்துச்சு. ஒரு வருஷமா பாக்குறேன்."

"ஒரு வருஷமா?" மரிசேல் எழுந்து நின்றுவிட்டாள். "ஒரு வருஷமாத் தெரிஞ்சு ஏன்டி என்கிட்ட சொல்லல? என்னை மாதிரி ஒரு முட்டாள் பெட்டி பெட்டியாக் கட்டுறா, நீ மேல உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருந்தியா?"

"சிரிச்சேனா?" டானிகாவும் எழுந்தாள். "சனிக்கிழமை காலைல மட்டும்தாம்மா நீ சிரிக்கிற. நான் படியில உக்காந்து கேப்பேன். 'கருவாட்டு வாசம் வருது'ன்னு சொல்லுவ. அந்தக் குரல்ல என்கிட்ட நீ ஒரு தடவை பேசினதில்ல. அதைப் போய் நான் எப்படிக் கெடுப்பேன்? சாக்லேட்டை எடுத்தேன், அவ்வளவுதான். எப்படியும் விக்கத்தானே போறாங்கன்னு எடுத்தேன்."

அவ்வளவு சொல்லிவிட்டு அவள் மாடிக்கு ஓடவில்லை. அங்கேயே நின்றாள். மரிசேலுக்குத்தான் ஓடிவிடலாம் போலிருந்தது.

ரொமுலோ இரண்டு பேருக்கும் நடுவில் காப்பியை உறிஞ்சினான்.

"பெட்டியை இன்னிக்கு ஏத்தாத," என்றான். "கடை மூடினா மூடட்டும். எதுக்காக வாயைக் கட்டி வயித்தைக் கட்டி இங்க வாங்கி, அங்க வாத்தியார் பொண்டாட்டிக்கு விக்கணும்? இந்த சாமானை நாமளே தின்னா மார்ச் வரைக்கும் வரும்."

"மூடினா சனிக்கிழமை நான் எங்க போறது?"

கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. கணவனும் மகளும் அவளைப் பார்த்தார்கள்.

"இங்கயே இருக்கலாம்," என்றான் ரொமுலோ. "எங்ககூட."

அது நல்ல பதில். மரிசேலுக்கும் தெரியும், அதைவிட நல்ல பதில் கிடையாது. ஆனாலும் அது உள்ளே இறங்கவில்லை.

*

ஒரு மணிக்கு அவள் பெட்டியை ஒட்டினாள். காப்பி ஜாடி போன இடத்தில் ஒரு துண்டைச் சுருட்டித் திணித்தாள். டேப்பைக் கிழிக்கிற சத்தத்தில் ரொமுலோ தூக்கத்திலிருந்து எழுந்து வந்தான். பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"அப்போ ஏத்துற."

"ஏத்துறேன்."

"சரி. உன் அக்கா, உன் பெட்டி." அவன் ஒரு முனையைப் பிடித்தான். "தூக்கு. இடுப்பு போனா அந்தக் களிம்பையும் வித்துட்டாங்கன்னு ஞாபகம் வெச்சுக்க."

மூன்று பேரும் போய்ச் சேர்ந்தபோது தேவாலயத்து வாசலில் ஏற்கெனவே ஏழெட்டுப் பெட்டி வரிசையில் நின்றன. காற்று வெட்டியது. இந்த ஊரில் இருக்கிற அத்தனை பிலிப்பினோக் குடும்பமும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இங்கே கூடிவிடும். பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மரி, உன் பெட்டி எப்பவும் கர்ப்பிணி மாதிரியே இருக்கு!" என்றாள் லோலிட், முதியோர் இல்லத்தில் துணி துவைக்கிறவள். "என்ன போட்டிருக்க இந்தத் தடவை?"

"வழக்கமா போடறதுதான்."

"குடுத்து வெச்ச அக்கா. எங்க ஊர்ல ஒரு நன்றி கிடையாது. போன தடவை அனுப்புன ஷூ சைஸ் பத்தலன்னு மாமியா அழுதா."

எல்லோரும் சிரித்தார்கள். மரிசேலும் சிரித்தாள். பெட்ரோ மாமாக்களுக்கும் சியோனி சித்திகளுக்கும் என்று இங்கே வரிசையாக நிற்கிற பெட்டிகளில் எத்தனை எந்தெந்தக் கதவுக்குப் பின்னால் தட்டேறுமோ என்று ஒரு நினைப்பு ஓடியது. யாருக்கும் தெரியாது. யாரும் அந்தச் சுவரைப் பார்த்ததில்லை.

வேன்காரர் டென்சியோ மடக்கு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். ரெஜினாவிலிருந்து வருகிற மனிதர், காதில் பேனா, வாயில் எப்போதும் ஒரு சூயிங்கம். அவள் முறை வந்தபோது படிவத்தை நீட்டினார்.

"வாங்க மரிசேல். முப்பதாவது பெட்டியா?"

"முப்பத்தொண்ணு."

"அடேங்கப்பா. உங்களுக்குக் கப்பல்காரன் சிலை வெக்கணும்."

படிவம் அவளுக்கு மனப்பாடம். கடைசி வரியில் ஒரு கட்டம்: இதில் உள்ளவை குடும்பத்துக்கான பரிசுகள், விற்பனைக்கு அல்ல. முப்பது தடவை அதற்குப் பக்கத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டவள். இன்று படித்தாள். பேனா அங்கேயே நின்றது.

"என்னாச்சு? கை விறைக்குதா? குளிரு," என்றார் டென்சியோ.

கையெழுத்துப் போட்டால் பொய். போடாவிட்டால் பெட்டி வீட்டுக்குத் திரும்பும், டிசம்பரில் கடை மூடும். அக்கா ஜன்னலை அடைப்பாள், பீப்பாயை யாருக்காவது குப்பை போடக் கொடுப்பாள். அதை அவள் போனில்கூடப் பார்க்க மாட்டாள். யாரும் காட்ட மாட்டார்கள்.

வரிசையில் பின்னால் லோலிட் தொண்டையைச் செருமினாள்.

மரிசேல் படிவத்தின் மேல்பக்கத்துக்குப் போனாள். அனுப்புகிறவர் பெயர். எழுதினாள். பெறுகிறவர் பெயர். அங்கே ஒரு மூச்சு நிறுத்தி, எழுதினாள். முகவரி, அதே பழைய முகவரி. கீழே வந்து, விற்பனைக்கு அல்ல என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டாள்.

டென்சியோ வாங்கிப் படித்தார். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

"தப்பா எழுதிட்டீங்க. ரெண்டு இடத்துலயும் உங்க பேரே இருக்கு."

"தப்பில்ல."

"அனுப்புறதும் மரிசேல், வாங்குறதும் மரிசேலா?"

"ஆமா."

"இந்தா பாருங்க, பின்னாடி சண்டைக்கு வரக்கூடாது. வாங்குறவங்க நேர்ல வந்து அடையாள அட்டை காட்டித்தான் எடுக்கணும். உங்க அக்கா வந்து அழுது புரண்டாலும் குடுக்க மாட்டாங்க. டிசம்பர் ரெண்டாம் வாரம் இறங்கும்."

"தெரியும்."

"அப்போ டிசம்பர்ல ஊருக்கா? சொல்லவே இல்ல! லோலிட், கேட்டியா, மரி கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போறா!"

பெண்கள் கையைத் தட்டினார்கள். ஒருத்தி விசில் அடித்தாள். மரிசேல் அவர்களைப் பார்க்கவில்லை. காரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்த ரொமுலோவைப் பார்த்தாள். அவன் மெதுவாக நடந்து மேஜைக்கு வந்தான். படிவத்தைக் கையில் எடுத்து இரண்டு வரியையும் படித்தான். டானிகா அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேட்டான்.

"இல்ல. எடுக்கணும்."

"லீவு?"

"கேக்கணும்."

அவன் தலையாட்டினான். படிவத்தை மேஜையில் வைத்து, காற்றில் பறக்காமல் டென்சியோவின் ஸ்டேப்ளரை அதன்மேல் ஏற்றினான். குரலை உயர்த்தவே இல்லை. பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்டிருக்காது.

"போன வருஷம் மார்ச்ல ஊர்ல எங்கப்பா செத்தப்ப, நீதான் சொன்ன மரி. போய் என்ன ஆகப்போகுது, மண்ணு போட்டாச்சு, டிக்கெட் வீண்னு. சரின்னு கேட்டுக்கிட்டேன். ஆலைல அன்னிக்கும் வேலைக்குப் போனேன்."

"ரொமி..."

"ஒரு கடையப் பாக்கப் போற. இல்லாத கடைய."

அவன் கார்ச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தான். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, அறுவடை முடிந்த வயலை ஒட்டின மண்பாதையில் வீட்டுக்கு எதிர்த்திசையில் நடக்க ஆரம்பித்தான். அந்தப் பக்கம் ஆலையைத் தவிர ஒன்றும் கிடையாது. இன்றைக்கு அவனுக்கு வேலையும் கிடையாது.

டென்சியோவின் ஆட்கள் முப்பத்தோராவது பெட்டியைத் தூக்கி வேனுக்குள் தள்ளினார்கள்.

"அம்மா," என்றாள் டானிகா. "பெட்டியை இறக்கச் சொல்லு. இல்லாட்டி அப்பா பின்னாடி போ. ரெண்டுல ஒண்ணு செய்மா, சீக்கிரம்."

வேன்காரர் கதவை இழுத்துச் சாத்தினார். மரிசேல் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டில் எதையும் செய்யாமல் நின்றாள்.